முத்தாயம்மாளுக்குப் போன கார்டு

கார்டு செய்த விதத்தைக் காட்டும் வீடியோவை நிகத் இணையத்தில் ஏற்றிப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பெங்களூரிலிருந்து மைதிலி அழைத்தாள்.

"நிகத், அத்தைக்கு அந்தக் கார்டு போயிருச்சுங்களா?"

"காலையில பத்து நாற்பதுக்கே போய்ச் சேர்ந்திருச்சு மைதிலி. கூரியர்ல இருந்து மெசேஜ் வந்துச்சே. வீடியோ பாத்தீங்களா? எப்படி வந்திருக்கு?"

போன் துண்டிக்கப்பட்டதோ என்று நிகத் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். துண்டிக்கப்படவில்லை.

"நிகத், சுத்தியும் எதுக்குங்க கறுப்பு பூசுனீங்க?"

"ஓரத்துல மை தடவினாத்தான் பழைய காலத்துக் கார்டு மாதிரி தெரியும். நான் எல்லாக் கார்டுக்கும் அப்படித்தான் செய்வேன்."

"எல்லாத்துக்கும் கறுப்பா?"

"இல்ல, மத்ததுக்கு காப்பிக் கலர். உங்க படம் கறுப்பு வெள்ளை. அதனால கறுப்பு எடுத்தேன்."

"ஒருத்தரோட படம். படத்துக்குக் கீழ ரெண்டு வருசம். சுத்தியும் கறுப்பு. இதென்னன்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா?"

"என்ன?"

"எங்க பக்கம் கருமாதிக் கார்டு இப்படித்தாங்க இருக்கும்."

நிகத் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாபேட்டையில் மாடி அறை ஒன்றில் மூன்று வருடமாக அவள் இந்த வேலை செய்கிறாள். கெட்டிக் காகிதத்தை அடுக்கடுக்காகக் கிழித்து ஒட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மையும் பெயிண்டும் தெளித்து வாழ்த்து அட்டைகளும் ஆல்பங்களும் செய்து விற்கிறாள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் போனில் வருகிறவர்கள். மைதிலியும் அப்படி வந்தவள்தான்.

மைதிலியின் அப்பா சின்னண்ணன் மல்லசமுத்திரத்தில் விவசாயி. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். ஊரில் எல்லோருக்கும் அச்சடித்த பத்திரிகை போய்விட்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை. அவருடைய ஒரே அக்கா, சங்ககிரியில் இருக்கும் முத்தாயம்மாள். கிணற்றுத் தண்ணீர் பாகத்தில் வந்த சண்டையில் அக்காவும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அப்பா போய் அழைக்க மாட்டார். அழைக்காமல் அத்தை வரமாட்டாள். அதனால்தான் அப்பாவுக்குத் தெரியாமல், அத்தையின் மனசு இளகும்படி ஒரு கார்டு கையால் செய்து நேராக அத்தை வீட்டுக்கே அனுப்பச் சொல்லியிருந்தாள் மைதிலி.

நிகத் இரண்டு நாள் அதற்காகவே உட்கார்ந்து செய்த கார்டு அது. மைதிலி அனுப்பியிருந்த, அப்பாவின் சிறு வயதுப் படத்துக்குக் கீழே 1966 – 2026 என்று எண் ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாகக் குத்தி, பொன்னிறப் பொடி தூவிச் சூடு காட்டி மேலெழும்ப வைத்திருந்தாள். அறுபது நிறைகிறது என்று காட்டத்தான் அந்த எண்கள். இந்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சாவுக்கும் ஒரு பத்திரிகை உண்டு, அதன் ஓரம் கறுப்பாக இருக்கும் என்பது தெரியாது. அவர்கள் வீட்டில் யாராவது இறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அத்தோடு சரி.

"அத்தைக்குப் போன் போட்டேனுங்க. மணி அடிக்குது, எடுக்கல. இதோட ஏழெட்டுத் தடவை ஆச்சு. அவங்க மகன் ஈரோட்டுல இருக்காரு, அவரும் எடுக்கல. அத்தை தனியாத்தான் இருக்காங்க. பிரஷர் வேற இருக்கு." மைதிலியின் குரல் உடைந்தது. "எங்கம்மாகிட்டச் சொன்னா அடுத்த நிமிசம் அப்பா காதுக்குப் போயிரும். நான் இங்கிருந்து எப்ப வந்து சேர?"

"நான் போறேன்" என்றாள் நிகத்.

அவளுடைய கணவன் நயீம் லாரி உதிரிபாகக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்தான். விஷயம் முழுவதையும் வண்டியில்தான் கேட்டான்.

"ஒரு கார்டுதானே? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்."

"உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் கருமாதிக் கார்டு போட்டிருக்கேங்க நான்."

"அதுவும் அச்சடிச்சதா இருந்தாப் பரவாயில்ல. ரெண்டு நாள் உக்காந்து கையால செஞ்சிருக்கே."

"பேசாம ஓட்டுங்க."

நெடுஞ்சாலையில் முன்னால் போன ஒவ்வொரு லாரியும் வேண்டுமென்றே மெதுவாகப் போவதுபோல் இருந்தது. அந்த அம்மாள் கீழே விழுந்து கிடந்தால்? கதவை உள்ளே தாழிட்டிருந்தால்? நிகத் கண்ணை மூடினாள். மூடினால் அந்தக் கார்டுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

சங்ககிரியில் லாரி பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது அந்தத் தெரு. மைதிலி சொன்ன நீலக் கேட்டுக்கு முன்னால் இறங்கியதும் நிகத் முதலில் பார்த்தது தன் கார்டைத்தான். வீட்டுக்குள் இல்லை. காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம், ஒரு செங்கல் துண்டின் கீழே கிடந்தது. வெயிலில் பொன் எழுத்து மின்னியது.

வாசற்படியில் முத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த சேலையும் ஈரம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துவட்டாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அழுகிற முகம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நிகத்துக்கு அதிகம் பயமாக இருந்தது.

"துக்கம் கேக்க வந்தீங்களா சாமி?" என்றாள் முத்தாயம்மாள். "எனக்கே இப்பத்தாந் தெரியும். உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"அம்மா, நான் சேலத்துல இருந்து வர்றேன். என் பேரு..."

"ஒரு போன் இல்லீங்க. ஒரு ஆளு உடலீங்க. கூடப் பொறந்தவ நா ஒருத்தி இருக்கறன். இங்கிருந்து அவனூட்டுக்கு முக்கா மணி நேரங்கூட ஆவாது. எடுத்து, எரிச்சு, எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு, கருமாதிக்கு எனக்குத் தபால்ல கார்டு போடறாங்க. மூஞ்சியக்கூடப் பாக்க உடல."

நயீம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

அப்போதுதான் நிகத்துக்குத் தான் செய்ததன் முழு அளவும் புரிந்தது. தம்பி செத்துவிட்டான் என்று மட்டும் அந்தக் கார்டு சொல்லவில்லை. செத்துப் பல நாள் ஆகிவிட்டது, உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்றும் சொல்லியிருக்கிறது.

"வந்த கார்டு ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது. கிழிச்சுப் போடோணும்" என்று முத்தாயம்மாள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "கிழிக்க முடியலீங்க. அவன் மூஞ்சி இருக்குதே. அது எங்கப்பன் சந்தையில எடுத்த போட்டோ. நானும் அவனும் நின்னோம். அவன் தோள்ல இருக்கறது என்ற கைதான். கைய மட்டும் உட்டுப்போட்டு என்னைய வெட்டியெடுத்துட்டாங்க பாருங்க."

"அதை வெட்டினது நான்தாம்மா."

முத்தாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

நிகத் ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்தாள். கார்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த சிறிய ரிப்பனை இழுத்தாள். உள்ளே செருகியிருந்த அட்டை வெளியே வந்தது. பாவாடை கட்டிய பெண் ஒருத்தி நகர்ந்து வந்து, தோளில் இருந்த கையோடு சேர்ந்து, தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். அட்டையின் மறுபக்கத்தில் அழைப்பு எழுதியிருந்தது.

"இழுத்தா நீங்க வரணும்னு செஞ்சேன். இழுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், அதை நான் யோசிக்கவே இல்ல. உங்க தம்பி உயிரோட இருக்காரும்மா. வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். மைதிலிதான் உங்களைக் கூப்பிடச் சொல்லி இதைச் செய்யச் சொன்னா. கறுப்பு மை என் தப்பு. எங்க வழக்கத்துல இது கிடையாது. எனக்குத் தெரியாது."

முத்தாயம்மாள் அந்த அட்டையைப் பார்த்தாள். நிகத்தைப் பார்த்தாள். நம்பாமல் தலையை ஆட்டினாள்.

"பிரஷர்காரி, ஒரேடியா விழுந்துருவான்னு உங்கள அனுப்பி வெச்சாங்களா? மைதிலி கெட்டிக்காரி. செத்தவனுக்கு அறுபதாங் கல்யாணம்னு சொல்லச் சொன்னாளா?"

நயீம் உள்ளே வந்து அழைப்பைப் படித்துக் காட்டினான். மைதிலியிடம் பேசுங்கள் என்றான். முத்தாயம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. இனி ரகசியம் பார்த்துப் பயனில்லை என்று நிகத் மைதிலியிடம் எண்ணைக் கேட்டு வாங்கி, நேராகச் சின்னண்ணனுக்கே போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"அலோ, ஆருங்க?"

"ஐயா, நான் சேலத்துல இருந்து பேசறேன். நீங்க கொஞ்சம் பேசிட்டே இருங்க. எது வேணும்னாலும் பேசுங்க."

"எனக்கு இன்சூரன்செல்லாம் வேண்டாங்க. காத்தாலயே ஒரு புள்ள கூப்புட்டுச்சு. எனக்கு இருக்கற வேலைக்கு..."

முத்தாயம்மாளின் கை கதவு நிலையைத் தேடியது.

"சின்னா?"

மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரு... அக்காவா?"

நிகத்தான் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். கார்டு, கறுப்பு மை, காலையில் வந்தது, ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பது. கேட்டு முடித்து அவர் பேசியது அக்காவிடம் இல்லை, நிகத்திடம்.

"அப்ப நா செத்துட்டேன்னு அதுக்குக் காத்தாலயே தெரிஞ்சுருக்குதுங்க."

"ஆமாங்க ஐயா."

"தெரிஞ்சும் வரல. தண்ணிய ஊத்திட்டு ஊட்டுலயே உக்காந்துக்கிச்சு."

இது இப்படித் திரும்பும் என்று நிகத் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடச் சண்டையின் மேல் இன்னொன்றை ஏற்றிவிட்டோமா? அவள் போனை எடுக்கப் போனாள். அதற்குள் முத்தாயம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கடா வாரது? எரிச்சு முடிச்ச சாம்பலப் பாக்கவா? மொதநாளே சொல்லியிருந்தா நா வரமாட்டனா? செருப்புக்கூடப் போடாம வந்திருப்பன். கூப்புடாத எழவுக்கு எப்பிடிடா வாரது? அங்க வந்து நின்னு, நீ எதுக்கு வந்தேன்னு உன்ற பொண்டாட்டி கேட்டா நா என்ன சொல்றது?"

"அவ அப்பிடியெல்லாங் கேக்க மாட்டா."

"நீ செத்துட்டியேடா. உனக்கெப்படித் தெரியும்?"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. போனில் அவர் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"நீ அங்கயே நில்லு" என்றாள் முத்தாயம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்கயும் போவாத. நா வாரேன். மூஞ்சியப் பாக்கோணும்."

தலையைத் துவட்டக்கூட இல்லை. வீட்டைப் பூட்டினாள். வேனில் நிகத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஈரச் சேலை நிகத்தின் துப்பட்டாவையும் நனைத்தது. வழியில் ஒரே ஒரு தடவை, "சித்த வெரசாப் போ சாமி" என்றாள் நயீமிடம்.

பாதி தூரம் போயிருப்பார்கள். எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி, சக்திக்கு மீறிய வேகத்தில் வந்தது. ஓட்டியவரின் சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. தோளில் இருந்த துண்டு பின்னால் பறந்தது.

"நிறுத்து" என்றாள் முத்தாயம்மாள்.

அங்கேயே நில் என்று சொன்ன இடத்தில் சின்னண்ணன் நிற்கவில்லை. சாலையோரம் வண்டியைச் சாய்த்துவிட்டு வந்தார். முத்தாயம்மாள் இறங்கி நடந்தாள். பக்கத்தில் போனதும் அவர் தாடையைப் பிடித்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவள் கையை எடுக்கவில்லை.

"முன்னால ரெண்டு பல்லு எங்கடா?"

"போன வருசம் புடுங்கிட்டாங்க."

"எனக்குச் சொல்லல."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிகத் பக்கம் திரும்பினார். அவள் கைகூப்புவதா, பேசுவதா என்று தெரியாமல் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானுங்களா என்னையக் கொன்னது?"

"மன்னிச்சிருங்க ஐயா."

"ம்" என்றார். மன்னித்தாரா இல்லையா என்பது அந்த ஒற்றை எழுத்தில் தெரியவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வந்துருவல்ல?"

"நீ கூப்புட்டியா?"

"அதான் நேர்ல நிக்கறனே. வா."

"நடுரோட்டுல நின்னு கூப்புட்டா வாரதுக்கு நா என்ன வழிப்போக்கியா?" முத்தாயம்மாள் ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டாள். "ஊட்டுக்கு வா. உன்ற பொண்டாட்டியையுங் கூட்டிட்டு, தட்டத்தோட வந்து கூப்புடு. அப்பறம் வாரேன்."

"எப்ப?"

"இன்னிக்கே. காத்தாலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நீ வந்து கூப்புட்டாத்தான் ஒலை வெப்பன்."

அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நயீம் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தான். சாலையோரத்தில் சின்னண்ணன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ஸ்ரீதேவி, தட்டம் எடுத்து வெய்யி. வெத்தல, பழம், தேங்கா, எல்லாம். நா வந்து கூட்டிட்டுப் போறன். எங்கயா? சங்ககிரிக்கு. அக்காளக் கூப்புட. இல்ல, நெசமாத்தாஞ் சொல்றன். அழுவாத. எந்தச் சேலையா இருந்தா என்ன, ஒண்ணக் கட்டிட்டு வாசல்ல நில்லு."