பன்னிரண்டாவது கால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு சிப்பின் பன்னிரண்டாவது காலில். அரிசி அளவுகூட இல்லாத கம்பித் துணுக்கு. இதற்கெல்லாம் கதையா என்று முகம் சுளிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நெய்வேலியின் வானம் அன்று சாம்பல் பூத்து

அடித்துவிட்டேன். வானம் ஒன்றும் செய்யவில்லை.

2

மோட்டாரைப் போட்டு நிறுத்தும் போர்டு செய்கிற சின்னக் கம்பெனி. வெண்மதி அங்கே புரோகிராம் எழுதுகிறாள். போர்டில் இரண்டு ரகம். போர்வெல் ரகம், தண்ணீர் நின்றதும் மோட்டாரை உடனே நிறுத்தும். கிணற்று ரகம், ஊற்று வரட்டும் என்று மோட்டாரை ஓடவிட்டபடியே ஐந்து நிமிடம் காத்திருக்கும். ரகத்துக்கொரு புரோகிராம் எதற்கு என்று யோசித்தவள், சிப்பில் சும்மா கிடந்த பன்னிரண்டாவது காலைப் பிடித்தாள். அதில் ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்தால் கிணறு. வெறுமனே விட்டால் போர்வெல். முதலாளி கருணாகரன் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

(வெறும் காலை அப்படியே அந்தரத்தில் விடக் கூடாது; மேலே எது பட்டாலும் ரெசிஸ்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதை உள்ளிருந்தே இழுத்துப் பிடிக்க, புரோகிராமில் ஒரு வரி வேண்டும். வெண்மதி அதை எழுத மறந்தாள். மேசையில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே ஓடியது.)

3

வளையமாதேவியில் கண்ணையன் என்ற விவசாயியின் போர்வெல் மோட்டார் எரிந்தது. பிறகு இன்னும் இரண்டு. பனியில் நனைந்த நிலக்கரித் தூசி போர்டில் அந்த வெறும் காலின் மேல் படிந்து, ரெசிஸ்டரின் வேலையைத் தானே பார்த்துவிட்டது. போர்டு தன்னைக் கிணற்று ரகம் என்று நம்பி, வறண்ட குழாயில் மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தது.

யாருக்கும் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் எது பழுதாகி வந்தாலும் முதல் வேலை தூசி தட்டுவது. காந்திமதி அக்கா பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் எதுவும் மேசைக்கு வரும். வந்தால் ஒழுங்காக ஓடும்.

“தொடச்சா ஓடுதுன்னா, கழுவாம அனுப்பிட்டாங்கன்னுதானே அர்த்தம்?” என்றார் கருணாகரன். போர்டில் பற்றவைப்பதும், பற்றவைத்த பிசுக்குப் போகக் கழுவுவதும் காந்திமதி அக்காதான். காண்ட்ராக்ட் ஆள். திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குள்ளஞ்சாவடி பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா வெண்மதியிடம் கேட்டார்: “ரெண்டு தபா கழுவித்தாம்மா குடுத்துகினு இருந்தேன். எங்கையில என்னா தப்புன்னு நீயாவது சொல்லும்மா, திருத்திக்கறேன்.”

வெண்மதி பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

4

இந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது போர்டு வந்தபோது, அக்கா தேய்ப்பதற்கு முன்பே மீட்டர் வைத்துப் பார்த்து, தான் எழுத மறந்த வரிதான் காரணம் என்று தெரிந்துகொண்டவள். இந்த மாதம் அவளுக்குப் பர்மனென்ட் ஆகப் போகிறது. அதனால் வாய் திறக்கவில்லை. நீங்கள் மன்னிக்க வேண்டுமே என்று ஒரு நோயாளி அப்பாவை அவளுக்குச் சேர்த்துப் பார்த்தேன்.*

* அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஷிப்டு முடிந்து வந்து மூன்று பரோட்டா சாப்பிட்டார்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? போதும். வெண்மதி நான்தான். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன்; பர்மனென்ட் போகிறது. முடிவு இரண்டு: அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிறேன், அக்கா போகிறார். இந்த மாதிரிக் கதைகளில் இப்போது வாசகரைக் கூப்பிடுவார்கள். நானும் எழுதினேன்: முடிவை உங்களிடமே விட்டு

இல்லை. சும்மா விட்டுத்தான் இத்தனையும் ஆயிற்று. நான் விட்டதைத் தூசி முடிவு செய்தது.

இன்று ஞாயிறு. முதலாளி வீட்டு வாசலில் நிற்கிறேன். பெல் அடித்துவிட்டேன்.

“யாரு?”

“வெண்மதி சார். காந்திமதி அக்கா கையில எந்தத் தப்பும் இல்லைங்க.”