பென்சில் அளவு ஓட்டை

விடுதியின் அடித்தளத்தில், சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுக் குழாய்க்காரர் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் மேலாளர் வந்து பார்த்து, "அழகா இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத அடித்தளத்தில் ஓடப்போகிற குழாய் யாருக்கு அழகாக இருக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மேலே வரவேற்புக் கூடத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டர் உப்புத்தண்ணீர் கொள்ளும் கண்ணாடி மீன்தொட்டி. கீழே இரண்டாயிரம் லிட்டர் வடிகட்டும் தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்க வேண்டும். சுத்தமானதை மோட்டார் இன்னொரு குழாயில் மேலே தள்ள வேண்டும். பகலும் இரவும் இதே சுற்று.

"ஏத்துற குழாயோட வாய் தண்ணியோட மேல்மட்டத்துல இருக்கணும் சார்" என்றார், மூன்றாவது தடவையும் பார்க்க வந்த மேலாளரிடம்.

"அசிங்கமா தெரியும். தொட்டிக்குள்ள பாறைக்குப் பின்னாடி அடியில விடுங்க."

"அடியில விட்டா, கரண்ட் போற அன்னைக்கு அதே குழாய் தண்ணிய திருப்பி உறிஞ்சிடும். மேல இருக்கறது மொத்தமும் இங்க வந்து நிக்கும். பன்னெண்டாயிரம் எங்க, ரெண்டாயிரம் எங்க?"

"ஜெனரேட்டர்தான் இருக்கே."

"அது விளக்குக்கும் லிஃப்டுக்கும் மட்டும். மோட்டாருக்கு வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப தண்ணி திரும்பாம ஒரு வால்வு போடுங்க."

"உப்பு படிஞ்சா வால்வு சரியா மூடாது சார். அதை நம்பி உக்கார முடியாது."

மேலாளர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். தலைகீழாக நின்றாலும் இந்த மனிதரிடம் வேலைக்காகாது. குழாய்க்காரர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"சரி, வாய் அடியிலயே இருக்கட்டும். தண்ணி மட்டத்துக்கு ரெண்டு விரல் கீழ, அந்தக் குழாய்ல பென்சில் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுடறேன். தண்ணி அதுவரைக்கும் இறங்கினதும் காத்து உள்ள போகும். உறிஞ்சறது நின்னுடும்."

"வெளிய தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப போடுங்க. மூணு மாசம் தகராறு இல்லாம ஓடட்டும். உங்களைப் பராமரிப்புக்கு நிரந்தரமா எடுத்துக்கலாம்."

இருபத்திரண்டு வருடம் தினக்கூலி. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாமலே ஒவ்வொரு நாளும் படுத்து எழுந்தவர். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வரைபடத்தைப் பெரிய தாளில் போட்டு, ஓட்டை இருக்கும் இடத்தை வட்டமிட்டு, 'இதை யாரும் அடைக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி, மோட்டார் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். முதலாளி பார்வையிட வந்த அன்று மேலாளர் அதைக் கிழியாமல் எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். சுவர் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

அவர் மனைவி அதே விடுதியில் ஐந்து வருடமாகத் துப்புரவு வேலை செய்தாள். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிற உப்பை ஏணியில் ஏறித் துடைப்பதும் அவள் வேலைதான். தொட்டியைப் பற்றி வீட்டில் அவர் மூச்சு விடுவதில்லை. "அந்த ஆளோட மல்லுக்கட்டினதை இங்க வந்து வேற பேசணுமா?" என்பார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

எண்பத்தொன்றாவது நாள் மதியம் மின்சாரம் போனது. விளக்கு எரிந்தது, லிஃப்ட் ஓடியது. மோட்டார் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது மாடியில் ஒழுகும் ஷவரைச் சரி பார்த்துவிட்டுக் குழாய்க்காரர் கீழே இறங்கியபோது அடித்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

அவர் மேலே ஓடினார். கண்ணாடித் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். மீன்கள் பக்கவாட்டில் கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தன. ஏணியில் ஏறிக் குழாயைத் தடவினார். ஓட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் பசை கல்லாக இறுகியிருந்தது.

துடைக்கும் துணியோடு வந்த மனைவி ஏணியடியில் நின்றாள்.

"அதை ஏங்க தடவறீங்க?"

"இதை எவன் அடைச்சான்?"

அவள் குரல் இறங்கியது. "நான்தான். குழாய்லேர்ந்து தண்ணி பீச்சி மேல அலை அடிக்குது, போட்டோ நல்லா வரலைன்னு யாரோ சொன்னாங்களாம். குழாய் ஒழுகுது, அடைச்சிடுன்னு நேத்து மேனேஜர்தான் பசை வாங்கிக் குடுத்தாரு. தண்ணிக்குள்ளயே ஒட்டும்னாரு." அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் தெரிய சிவப்பு மையில் எழுதியவர், பக்கத்தில் படுப்பவளிடம் சொல்லவில்லை.

மேலாளர் விடுவிடுவென்று வந்தார். கைபேசியில் முதலாளி இருந்தார். "இதோ கேக்கறேன் சார்" என்று அதில் சொல்லிவிட்டு, "ஓட்டையை அடைச்சது யாரு?" என்றார். கேட்டது குழாய்க்காரரை. பார்த்தது அவளை.

"நீங்கதானே சார்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நான் துடைக்கச் சொன்னேன். அடைக்கவா சொன்னேன்?"

வீட்டில் இரண்டு பேர். இன்றைக்கு ஒரு வேலை போகும், இரண்டும் போகலாம். அவளுடையது ஐந்து வருடமாக இருக்கிற வேலை. அவருடையது இன்னும் ஒன்பது நாளில் வரவேண்டிய வேலை. குழாய்க்காரர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"நான்தான் சார் அடைச்சேன்."

மேலாளரின் தோள்கள் தளர்ந்தன. "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று கூடத்து மூலையில் இருந்த தன் மேசையில் போய் உட்கார்ந்து, இழுப்பறையைத் துழாவி, கைக்குக் கிடைத்த தாளைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத்துச் சிவப்பு எழுத்து இடம் வலம் மாறி லேசாகத் தெரிந்தது. குழாய்க்காரர் அதன் மேலேயே எழுதினார்.

அவர் மனைவி குனிந்து, அவர் காலோடு வந்து தரையில் சிந்திய உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் நகக்கண்ணில் வெள்ளைப் பசை இன்னும் ஒட்டியிருந்தது. மேசையடிக்கு வந்ததும் மேலாளர், கைபேசியில் பேச்சை நிறுத்தாமலே, அவள் துடைக்க வசதியாக ஒரு காலைத் தூக்கினார். பிறகு இன்னொரு காலை.