பரீட்சைக்கு வைத்த ஒலிகள்

"உன் ஆராய்ச்சியால யாருக்காவது ஒரு வேளைச் சோறு கிடைச்சிருக்காடி?" என்று அக்கா ஒரு முறை கேட்டாள். தங்கை பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒலிகளை ஆராய்பவள். அத்தான் சிரித்தார். "விஞ்ஞானியை ஏன் வம்புக்கு இழுக்கிற? எங்க கம்பெனியோட கோத்து விடுறேன் பாரு."

சொன்னபடியே செய்தார். லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தை வைத்தே அது பழுதாகப் போவதை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள். ஒலிகளைப் பதிவுசெய்து தருவது அவளுடைய ஆய்வுக்கூடம். மென்பொருளை உருவாக்குவது அத்தானின் கம்பெனி. முதலில் வாங்கப்போவது ஒரு மருத்துவமனை. அது கைகூடினால் அத்தான் மேலாளர். அக்கா இப்போதே மேலாளர் மனைவியாக நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

சோதனையில் மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் காலையில், சும்மா ஒரு ஆசைக்கு, ஆய்வுக்கூடத்து லிஃப்டின் சத்தத்தை அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். அந்த லிஃப்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கும் கிழடு. மோட்டாரின் பேரிங் போய்விட்டது, உடனே மாற்றுங்கள் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மென்பொருளோ 'நலம்' என்று பச்சை விளக்கைக் காட்டியது.

புதிதாகக் கேட்கும் சத்தத்தில் இப்படித் தோற்பது, சோதனையில் மட்டும் தொண்ணூற்றெட்டு வாங்கியது எப்படி? அவள் அத்தானை வராந்தாவில் மடக்கினாள்.

"பரீட்சைக்குன்னு தனியா வச்ச பதிவுகளை என்ன பண்ணீங்க அத்தான்?"

"அதையும் சேர்த்துத்தான் மென்பொருளுக்குக் கத்துக் கொடுத்தோம். சும்மாதானே கிடந்துச்சு?"

"சும்மாதான் கிடக்கணும்! அதை மென்பொருள் கேட்டே இருக்கக் கூடாது. கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்துட்டு மார்க்கைப் பார்த்துப் பூரிச்சுட்டிருக்கோம்."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "இப்ப வாயைத் திறக்காத. கையெழுத்தாகட்டும், அப்புறமா சரி பண்ணிடலாம்."

"அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சரோட ஏறுறவங்க?"

"உங்க அக்காவை நினைச்சுப் பாரும்மா." எப்போதும் விஞ்ஞானி என்று கேலி பேசும் மனிதர், 'அம்மா' போட்டுக் கெஞ்சியது அவளை என்னவோ செய்தது.

உள்ளே மருத்துவமனைப் பொறியாளர் பேனாவைத் திறந்துவிட்டார். "ஆய்வுக்கூடம் சார்பா நீயே ஒரு வார்த்தை சொல்லும்மா," என்றார் பேராசிரியர்.

அவள் தண்ணீர் குடித்தாள். "இந்த மார்க் செல்லாது சார்," என்று தொடங்கி, காலையில் பார்த்ததையும் பரீட்சைப் பதிவுகள் பாடத்தில் கலந்துபோனதையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

பொறியாளர் பேனாவை மூடினார். கம்பெனித் தலைவர், "யாரோட வேலை இது?" என்றார்.

"தப்பு எங்க மேலயும் இருக்கு. அந்தப் பதிவுகளைத் தொடக் கூடாதுன்னு நாங்க சொல்லவே இல்ல. எங்களுக்கு அது பழக்கம். அவங்களுக்கும் தெரியும்னு நினைச்சுட்டோம்," என்றாள் அவள்.

தலைவர் அவளைப் பார்க்கவே இல்லை. அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் எழுந்தார். மேசைமேல் கிடந்த கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவளைக் கடந்து வெளியே போனார்.