பதினோரு ஆள் ஆழம்

எங்கள் கிணறு செத்துவிட்டது என்று திங்கட்கிழமை காலை என் கணவர் அறிவித்தார். ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்த மாதிரி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிணற்றை நம்பி நாற்பதாயிரம் தக்காளி நாற்று நிற்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள் தண்ணீர் காட்டினால் நடவுக்குத் தயார். விதை போட்டது நான். தட்டு தட்டாக நிழல்வலைக்குக் கீழே அடுக்கியது நான். செத்தது என்று சொல்ல இவர் யார்?

"நாளைக்குச் சாயங்காலம் தம்பி வண்டியோட வர்றான். நாத்தை எல்லாம் அவன் மாமனார் தோட்டத்துக்கு ஏத்திடலாம். பிழைக்கிறது பிழைக்கட்டும். அப்புறம் நாமளும் அவன் டைல்ஸ் கடைக்கே போயிடலாம்."

"டைல்ஸுக்குத் தண்ணி ஊத்தினா முளைக்குமா? நான் அங்க போய் என்ன பண்றது?"

அவர் துண்டை உதறினார். உதறினார்.

மழை பொய்த்து இது மூன்றாவது வருடம். கிணற்றில் முழங்கால் அளவு கலங்கல்தான். பத்து நிமிடம் போட்டால் மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தும். ஆனாலும் எங்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மோட்டார் அறைச் சுவரில் என் மாமனார் நீலப் பெயிண்டால் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு வரி: "பதினோரு ஆளில் கிழக்கே ஊற்று. கல் வைத்து அடைத்திருக்கிறேன்." கிணறு வெட்டும்போது அந்த ஊற்று பீறிட்டு யாரையும் நின்று வேலை செய்ய விடவில்லையாம். மேற்கு ஊற்றே தாராளமாகக் கொடுத்ததால், அடைத்ததைத் திறக்க வேண்டிய தேவை அவர் இருந்தவரை வரவில்லை.

கிணற்று வேலையில் ஆள் என்றால் ஓர் ஆள் உயரம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தன் உயரத்துக்கு ஒன்றாகக் கயிற்றில் பதினோரு முடிச்சுப் போட்டார். தூர்வாருகிறவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். தூர்வாருகிறவரை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் வந்த பெயர். அவர் பதினோராவது முடிச்சுக்கு நேரே கிழக்குப் பக்கத்தைக் கடப்பாரையால் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே கெட்டிப் பாறை. "அப்பா ஏதோ நெனப்புல எழுதிட்டார்போல" என்று இவரும் மேலே ஏறி வந்துவிட்டார்.

என் மாமனார் ஏதோ நினைப்பில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. அந்தக் கோபத்தோடுதான் திங்கட்கிழமை தலை வாரப் போனேன். பின்கட்டுச் சுவரில் அவர் சவரம் செய்துகொண்ட வட்டக் கண்ணாடி இருக்கிறது. சிமெண்டில் பதித்தது, அசைக்க முடியாது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் எனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க முக்காலி வேண்டும். என் கணவருக்கும் மூக்குக்கு மேலேதான் தெரியும். மீசையை அவர் குத்துமதிப்பாகத்தான் கத்தரிக்கிறார்.

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க! உங்கப்பா எவ்வளவு உயரம்?"

"எல்லாரையும் போலத்தான். ஏன்?"

"எல்லாரும் அந்தக் கண்ணாடியில முகம் பார்க்கிறாங்களா?"

கயிற்றை எடுத்து வந்தேன். தரையிலிருந்து கண்ணாடியின் நடுவரை அளந்தேன். அது அவர் கண் மட்டம். கண்ணுக்கு மேலே உச்சந்தலைக்கு நாலு விரல் சேர்த்தேன். அளவு, பக்கத்தில் நின்ற என் கணவரின் தலையைத் தாண்டிப் போயிற்று. அவர் கயிற்றையும் பார்த்தார், கண்ணாடியையும் பார்த்தார். கொஞ்சம் எக்கிக்கூட நின்று பார்த்தார்.

"சின்ன வயசுல அண்ணாந்து பார்த்தே பழக்கம்," என்றார் மெதுவாக. "எல்லா அப்பாவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்."

புது முடிச்சுகளோடு கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டோம். பத்தாவது முடிச்சு அடியில் தூரைத் தொட்டது. ஓர் ஆள் நீளம் இன்னும் கையில் மிச்சம் இருந்தது. இருபது வருடமாக யாரும் தூர் வாராத கிணறு. ஊற்று வற்றவில்லை, நாங்கள்தான் அதை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தோம்.

அவசரத்துக்கு ஆள் அனுப்பினேன். கிழக்கு ஓரமாக மட்டும் ஓர் ஆள் இறங்கும் குழி தோண்டினால் போதும் என்றேன். "பார்த்துக்கலாம் அக்கா" என்று வெற்றிலையை மடித்தார். வாய்க்குப் போவதற்குள் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அவரும் என் கணவரும் மாறி மாறி வெட்ட, நான் ராட்டினத்தில் சேற்றை இழுத்துக் கொட்டினேன். உள்ளங்கை தோல் உரிந்தது. நடுவில் ஓடிப்போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடத்தை நாற்றுக்குத் தெளித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் வரை வெறும் களிமண்தான் வந்தது. வெளியே தைரியமாகத்தான் நின்றேன். உள்ளுக்குள் சந்தேகம் குடைந்தது. நாலு விரல் என்பது ஐந்து விரலாக இருந்தால்? மூன்றாக இருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு ஆளுக்கும் சேர்த்து ஒரு முழம்கூடத் தவறாது. மறுபடி ராட்டினத்தைப் பிடித்தேன்.

சாயங்காலம் கொழுந்தனார் வண்டியோடு வந்து நின்றார்.

"நாத்தை ஏத்தலாமா அண்ணி?"

"முதல்ல இந்தக் கயித்தைப் பிடிங்க."

அவர் பிடித்தார். பாவம், கடைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். நாலு வாளி இழுத்திருப்பார். கீழே கடப்பாரைச் சத்தம் மாறியது. அதுவரை பாறையில் டங் என்று கேட்டது, இப்போது தொப் என்று கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"கல்லு ஆடுது!" என் கணவரின் குரல். "பாறை இல்ல, வெச்ச கல்லு!"

அதற்கப்புறம் அவசரம் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். "அக்கா, எங்களை மேல தூக்குங்க, சீக்கிரம், சீக்கிரம்!"

மேலே வந்தபோது இருவரும் தலைவரை நனைந்திருந்தார்கள். கீழே கை கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் கணவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து விம்மினார். நானும் அழுதேன். சேற்றுச் சட்டையோடு நின்ற கொழுந்தனார், வண்டியை என்ன செய்வது என்று கேட்டார். திருப்பிக்கொண்டு போகச் சொன்னேன்.

மறுநாள் காலை நாற்றுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு, மோட்டார் அறைச் சுவரில் மாமனார் எழுதியதற்குக் கீழே நானும் ஒரு வரி எழுதினேன்: "ஆள் என்றால் மாமா. அறுபத்தாறு அடி."

வீட்டுக்குள் என் கணவர் உளியும் சுத்தியலுமாகப் பின்கட்டில் நின்றார்.

"கண்ணாடியைப் பேர்த்து உன் உயரத்துக்கு வெச்சிடவா? இத்தனை வருஷமா கஷ்டப்படுறே."

"அதுல கை வெச்சீங்க, நடக்கிறதே வேற," என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பொட்டு வைத்துக்கொண்டேன்.