இருநூறு சிடியில் பாலனின் முகம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடைக்கு மேலே கார்த்திகேசு வாடகைக்கு எடுத்திருந்த அறையில்தான் எட்டுப் பாடல்களும் பதிவாயின. மெட்டு, கீபோர்டு, ஒலிக்கலவை எல்லாம் அவன் செய்தது. குரல் மட்டும் நண்பன் பாலனுடையது. 1998 மார்ச்சில் வேலை முடிந்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியபோது எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"பாலன் பாட்டு பிரமாதம் லா!"

கார்த்திகேசு சிரித்துவைத்தான். மெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இருநூறு சிடிதான் என்பதால் கணினியிலேயே பதிந்துகொண்டார்கள். வெள்ளையாக இருந்த மேற்பக்கத்தில் அச்சிட, செந்தூலில் கன்னையாவின் கடைக்கு இருவரும் போனார்கள். பள்ளிக்கூட டீசட்டைகளுக்கு எழுத்து அடிக்கும் கடை அது. சிடி வேலை அவருக்குப் புதிது.

"ஸ்டிக்கர் வேணாம் தம்பி. கார் சூட்டுல ஓரம் எழும்பி பிளேயருக்குள்ள மாட்டிக்கும்" என்றார் கன்னையா. "சில்க் ஸ்கிரீன்ல அடிச்சா மை நல்லா புடிச்சு நிக்கும். ஆனா ரெண்டு கலர்தான், எழுத்துக்குத்தான் சரி. இங்க்ஜெட்னா போட்டோவே வரும். மெஷின் போன வாரம்தான் வந்துச்சு, நான் இன்னும் பெருசா அடிச்சுப் பாக்கல."

பாலன் நண்பன் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு கார்த்தி. எனக்கு என்ன தெரியும்?"

கார்த்திகேசுவுக்குத் தெரியும். போன மாதம் செலாயாங் கோயில் பஜனைக் குழுவின் சிடிகளை வேறொரு கடையில் இங்க்ஜெட்டில்தான் அடித்துக் கொடுத்தான். ஈரக்கை பட்டதுமே மை கரைந்தது. அவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தவன், பாலன் தன் பையிலிருந்து போட்டோவை எடுத்து மேசையில் வைப்பதைப் பார்த்தான். ஸ்டூடியோவில் போய்ப் பிடித்த படம். புதுச் சட்டை, வாரிவிட்ட முடி.

"உன் இஷ்டம்" என்றான். "போட்டோதான் ஆசைன்னா போட்டோவே போடு."

வெளியீடு கிள்ளானில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு காலை. புழுக்கம் தாங்காமல் எல்லோர் கையிலும் ஐஸ் போட்ட பண்டோங், ரோஸ் பால். முதல் சிடி பாலனின் தாய் இராஜம்மாவுக்கு. பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தவர், தண்ணீர் வழியும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு சிடியில் இருந்த மகனின் முகத்தை விரலால் தடவினார். கன்னம் கரைந்து நீலமாக ஓடியது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தார். மூக்கும் வாயும் அதோடு போயின.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்தடுத்து மற்றவர்களும் மை படிந்த விரல்களைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கார்த்திகேசுவுக்கு மனசு குளிர்ந்தது.

பாலன் மைக்கை எடுத்தான். "மன்னிச்சிருங்க. போட்டோ வேணும்னு ஆசப்பட்டது நான். தப்பு என்னுது. கார்த்தியோட இசையக் கேளுங்க, அதுக்கு ஒன்னும் ஆகல."

கைதட்டினார்கள். கார்த்திகேசுவால் அங்கே நிற்க முடியவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றான். தேடிக்கொண்டு வந்த பாலனிடம் சொல்லிவிட்டான்.

"மை நிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"எல்லாரும் உன்னையே சொன்னாங்க. என்னைப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா உன் போட்டோவையும் போட்டிருப்பேனே" என்றான் பாலன். பிறகு, "எங்கம்மா புதுச் சேலை கட்டிட்டு வந்திருந்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கார்த்திகேசு இருநூறையும் புது சிடிகளில் மறுபடி பதிந்தான். கன்னையாவோடு இரண்டு நாள் நின்று சில்க் ஸ்கிரீனில் சிவப்பும் கறுப்புமாக எழுத்து மட்டும் அடித்தான். பெட்டிகளைப் பண்டமாரான் வீட்டுக்குக் கொண்டுபோனபோது பாலன் வாசலிலேயே வாங்கிக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பாலனின் இரண்டாவது தொகுப்பு வந்தது. இசை, வாசு என்ற வேறொருவன். பிரிக்பீல்ட்ஸ் சிடிக் கடையில் அதைப் பார்த்ததும் கார்த்திகேசு வாங்கி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். கீபோர்டு மகா மட்டம். மனசுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பாலன் முன்பைவிட நன்றாகப் பாடியிருந்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.