சபை கொடுத்த இணைப்புகள்

பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரில் பிஜி கல்யாணச் சமையலுக்காக ஓர் இணையதளம் தொடங்கிய அன்று, ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே அவள் வீட்டு முற்றத்தில் கூடியது. இங்கே யார் எதைத் தொடங்கினாலும் அப்படித்தான். ஜெபித்துவிட்டு, ஆளுக்கொரு உதவி செய்யாமல் போகமாட்டார்கள். பிஜி அந்த உதவியைத்தான் ஏடாகூடமாகக் கேட்டுவிட்டாள். இணையதளம் வைத்திருந்த எல்லோரிடமும், அவரவர் தளத்தில் 'பாறசாலையில் சிறந்த கல்யாணச் சாப்பாடு' என்று ஒரே வரியைப் போட்டு, அதைத் தன் தளத்தோடு இணைக்கச் சொன்னாள்.

ஜாயுடைய டியூஷன் சென்டர் போட்டது. சரோஜம் சித்தியின் தையல் கடை போட்டது. ஈசாக்கின் ஆம்புலன்ஸ் தளமும் போட்டது. ஆம்புலன்ஸ் தேடுகிறவனுக்குக் கல்யாணச் சாப்பாடு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை தளங்கள் கைகாட்டியதில், இணையத்தில் கல்யாணச் சாப்பாடு என்று தேடினால் பிஜியின் பெயர்தான் முதலில் வந்தது. கணவன் சானு திருவனந்தபுரத்து ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து அடுப்படியில் நின்றான். நெய்யாற்றின்கரை வரைக்கும் போய்ப் பந்தி போட்டார்கள்.

பிறகு தேடுபொறி நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. செயற்கையான இணைப்புகளாம், தரவரிசையை ஏமாற்றும் முயற்சியாம். பிஜியின் தளம் எந்தப் பக்கத்தில் போய் விழுந்ததென்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. போன் அடிப்பது நின்றது. ஹோட்டலில் சானுவின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. இணைப்புகளை நீக்கிவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம் என்றது அறிவிப்பு.

சொல்வதற்கென்ன! ஒருவர் மனதாரச் செய்த உதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி இந்த ஊரில் வாழ்ந்துவிட முடியுமா?

"எங்க கடைப் பேரு கூடக் கிடந்தா ஒனக்குக் கொறச்சலாக்கும்?" என்றாள் சரோஜம் சித்தி, இணைப்பை நீக்கச் சொல்லி பிஜி போய் நின்றபோது.

"அப்பிடியில்ல சித்தி. கம்பெனிக்காரன் கள்ளத்தனம்னு சொல்லுதான்."

"அப்போ நாங்க கள்ளன்மாரு."

சித்தி இணைப்பை நீக்கினாள், அதோடு பேச்சையும் நிறுத்தினாள். ஈசாக் பிஜியைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். முகம் தெரியாத ஒருவனிடம் நல்ல பேர் வாங்க, கூட இருந்த அத்தனை பேரிடமும் கெட்ட பேர் வாங்கினாள் பிஜி. அவமானத்தில் இரண்டு ஞாயிறு ஆராதனைக்கே போகவில்லை.

கடைசியில், எல்லா இணைப்பும் போய் மறுபரிசீலனை கேட்டபின், தண்டனை நீங்கியது என்று பதில் வந்தது. சானு கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். இருவரும் தேடினார்கள். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தூக்கி நிறுத்திய இணைப்புகள் போனபின் அவளுடைய சொந்த இடம் அவ்வளவுதான். பிஜிக்கு அது விளங்கியது.

அந்த வாரம் சித்தியின் மகள் மினிக்குக் கல்யாணம் உறுதியானது. பிஜி ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போனாள்.

"சாப்பாட்ட நாங்க பாத்துக்கிடுதோம் சித்தி."

சித்தி முகத்தில் பழைய கோபம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சே மக்கா. மினி போன்ல தேடினா, முதல்ல வந்தவங்கள விளிச்சா."

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஒன் பேரும் வருதான்னு பாத்தோம். எங்கயும் இல்ல. நீங்க தொழில விட்டாச்சுன்னுல்லா நெனச்சோம்."