கடல் அடங்கும்வரை

"கன்னியாகுமரியிலருந்து கொழும்பு வரைக்கும் கடல் பெருங்கொந்தளிப்பு, தென்மேற்குக் காத்து பலமா வீசும், சின்னப் படகுகள் எறங்க வேணாம்" என்று பதுளைத் தபால் கந்தோர் கிளார்க் அந்தோனிப்பிள்ளை இங்கிலீஷ் பத்திரிகையைத் தமிழில் சொல்லி முடித்ததும், புடவைக்கடைச் சிதம்பரநாதனுக்கு வாயெல்லாம் பல். கடல் கொந்தளிக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற மனிதன் இந்த மலைநாட்டில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். நாளைக்கும் இப்படித்தானா என்று கேட்டான். இந்த மாதம் முழுக்க இப்படித்தான் முதலாளி, கவலையே படாதீங்க என்றார் அந்தோனிப்பிள்ளை. போகிற வழியில் ஒரு பொட்டலம் பூந்தி வாங்கிக்கொண்டான்.

எல்லாம் அவன் வாய் செய்த வேலை. கடைவீதியில் அவனுக்கு மழைக்குக் குறி சொல்கிறவன் என்று பெயர். நமுனுகுலை மலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேலே கொட்டும் என்பான், கொட்டும். மிளகாய் காயப்போடுகிறவர்கள் அவனைக் கேட்டுத்தான் பாயை விரிப்பார்கள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிற பெரியாயிகூட, திரும்பிப் போகுமுன் கடை வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

போன வருஷம்தான் தேவகோட்டைப் பக்கம் போய் வடிவம்மாவைக் கட்டினான். கட்டின கையோடு கடையைப் பார்க்க ஓடிவந்துவிட்டான். பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மாமியாருக்கு மனசில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஆனித் தொடக்கத்தில் அவள் அண்ணன் நல்லையா வியாபாரமாய்ப் பதுளைக்கு வந்து திரும்புகிற நேரம், இவன் அவரைத் தெருவில் நிறுத்தி வானத்தைக் காட்டினான். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று காய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

"பாருங்க மச்சான், தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. இதவிட நல்ல நாள் கெடைக்காது. அடுத்த கப்பல்லயே கூட்டிட்டு வந்துருங்க."

பத்திரிகையில் கடல் நிலவரம் போடுகிறார்கள், ஒரு வார்த்தை பார்த்துக்கொள்ளலாமே என்று அன்றைக்கே அந்தோனிப்பிள்ளை சொன்னார். தலைக்கு மேலே இருக்கிற வானத்துக்குப் பேப்பர் எதற்கு என்று சிரித்துவிட்டான் இவன். அந்தக் காற்று மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு பதுளைக்கு வருகிறது என்பதும், பதுளை பளபளவென்று காய்கிற மாதத்தில்தான் மேற்குக் கடல் பேயாட்டம் ஆடும் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. மலைக்கு இந்தப் பக்கத்து ஊவாவிலேயே உட்கார்ந்து வானம் பார்க்கிறவன் வேறெப்படிச் சொல்வான், பாவம்.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கிய வடிவம்மா வாடின கீரைத்தண்டு மாதிரி இருந்தாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புவரை தலை தூக்கவில்லையாம். தங்கை வாந்தியெடுக்கச் சட்டி பிடிக்கப்போன நல்லையா அந்தச் சட்டியைத் தனக்கே வைத்துக்கொண்டாராம். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. தகரப் பெட்டியை நிலைப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொல்லிவிட்ட நல்ல வானத்துல நான் செத்துப் பொழச்சு வந்திருக்கேன். கடல் என்னைக்கு அடங்குதோ அன்னைக்கு எங்கம்மாகிட்ட போயிருவேன். அதுவரைக்கும் இந்தப் பெட்டிய யாரும் தொறக்கக் கூடாது."

அன்றிலிருந்துதான் இந்தத் தபால் கந்தோர் நடை. சாயங்காலம் வந்ததும் கடல் எப்படி இருக்கு என்று அவள் கேட்பாள். கொந்தளிப்பு என்று இவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வான். பூந்திப் பொட்டலம் கைமாறும். கடைச் சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டாள். ஆடி பிறந்ததும் கடைக்குள் வந்து உட்கார ஆரம்பித்தாள். தோட்டத்துப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டுவதில் இவனைவிடக் கெட்டிக்காரி. ஒருநாள் பெரியாயி வழக்கம்போல மழை வருமா என்று இவனைக் கேட்க, அவர கேக்காத ஆத்தா, அவரு வாயத் தொறந்தா எங்கேயாச்சும் கப்பல் கவுந்துரும் என்றாள் வடிவம்மா. கடையே சிரித்தது. இவனும் சிரித்தான். இவள் இல்லாத கடையை, இந்த ஏச்சும் பேச்சும் இல்லாத வீட்டை இனி தன்னால் தாங்க முடியாது என்று அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிலைப்படியில் பெட்டி அப்படியேதான் இருந்தது. போகும்போதும் வரும்போதும் கால்விரலை இடித்துக்கொள்வான்.

ஐப்பசியில் கச்சான் நின்றது. நமுனுகுலையில் மேகம் இறங்கியது. பதுளையில் மழை பிடித்த அன்று, அந்தோனிப்பிள்ளை பத்திரிகையை மெதுவாக மடித்தார்.

"காத்து கொறைஞ்சிருச்சு முதலாளி. கடல் அமைதின்னு போட்டிருக்கு."

சிதம்பரநாதன் பத்திரிகையை வாங்கி, ஓர் எழுத்தும் புரியாமல் திருப்பிப் பார்த்தான். உங்க வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவர் யாரும் இல்லையே என்று அந்தோனிப்பிள்ளை கூரையைப் பார்த்துச் சொன்னார். அந்த யோசனை இவனுக்கும் வராமல் இல்லை. கொந்தளிப்பு என்று ஒரே ஒரு வார்த்தை. மழைக்காலம் முடிகிற தை மாதம்வரை ஓட்டிவிடலாம். குடையை மறந்து நனைந்துகொண்டே நடந்தான். போன தரம் தெரியாத வானத்தைத் தெரிந்த மாதிரி சொல்லித்தானே அவளை அந்தப் பாடு படுத்தினோம், இப்போது தெரிந்த கடலை மறைத்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபோது வீடு வந்துவிட்டது. பூந்தி வாங்கவில்லை.

அவள் வழக்கம்போலக் கேட்டாள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு சொன்னான்.

"அடங்கிருச்சு. அலையே இல்லையாம். நீ போறதுன்னா நானே கூட வந்து கொண்டுபோய் விடுறேன்."

வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. முன்னறையில் சேலைக்கட்டு அடுக்கியிருந்த மூலையில் கூரை ஒழுகத் தொடங்கியது.

"பெட்டிய எடுங்க" என்றாள்.

எடுத்தான். வாசல் பக்கம் திரும்பினான்.

"அங்கிட்டு எங்க போறீங்க? உள்ள கொண்டாங்க."

பூட்டைத் திறந்தாள். அம்மா கொடுத்துவிட்ட சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அடியில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து, ஒழுகுகிற இடத்திலிருந்து சேலைக்கட்டைத் தள்ளிவிட்டு, காலிப் பெட்டியை அங்கே இழுத்துப் போட்டாள். முதல் சொட்டு தகரத்தில் 'டங்'கென்று விழுந்தது.

"மொதல்ல இந்தக் கூரையப் பாருங்க. கடல அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். பிறகு, "இது எப்ப விடும்?" என்று கேட்டாள்.

சிதம்பரநாதன் பழக்கத்தில் ஜன்னல் வழியே நமுனுகுலையைத் தேடினான். வாயைத் திறந்தான். அவள் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். தலையைத் துவட்ட அவள் துண்டை நீட்டினாள். இரண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். கடல் தாண்டி வந்த பெட்டிக்குள் பதுளை மழை ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அதில் ஒரு குட்டி அலை கிளம்பிப் போய்த் தகரச் சுவரில் மோதித் திரும்பியது.